அழுத்த அறையும் அடிபட்ட மூளையும்

பால்மரத் தோட்டங்கள் பெரும்பாலும் தாழ்நிலத்தில் உள்ளன. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களோ உயரத்தில் உள்ளன. தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், அங்குக் காற்றின் அழுத்தம் தாழ்நிலத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மூச்சில் உட்செல்லும் பிராணவாயுவும் அவ்வாறே குறைகிறது. உடல்நலமுள்ளோர் இதனைப் பெரிதும் உணர்வதில்லை.

இதற்கு நேர்மாறானது அழுத்த அறைச் சிகிச்சை. மூடிய அறையில் காற்றழுத்தத்தை இயல்பைவிட ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை உயர்த்தி, நோயாளியைச் சுமார் ஒரு மணி நேரம் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்வர். வழக்கமாக இரத்தத்தின் சிவப்பணுக்களே பிராணவாயுவைச் சுமக்கின்றன. அழுத்தம் மிகும்போது, சோடாப் புட்டியில் வாயு கரைந்திருப்பதுபோல, அது இரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் கரைந்துவிடுகிறது. ஆழ்கடலில் மூழ்குவோர்க்கு வரும் அழுத்த நோய்க்கும், நச்சுப்புகையால் மயங்கியோர்க்கும், நீரிழிவால் ஆறாத சில புண்களுக்கும் இது ஏற்ற மருத்துவம். நம் நாட்டில் லுமுட் இராணுவ மருத்துவமனையில் இத்தகைய அறை உண்டு.

மூளைக் காயத்தின் கதை வேறு. மலைச்சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர், உயிர் பிழைத்தும் பேச்சுத் தடுமாறி, மறதியுற்று வீட்டிலிருக்கிறார் எனக் கொள்வோம். “மூளைக்குப் பிராணவாயு ஏற்றினால் குணமாகும்” என்று எவரேனும் சொன்னால், தாலிக்கொடியும் அடகுக் கடைக்குப் போய்விடும். அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தி 2012, 2015 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், மூளை அதிர்ச்சியுற்ற ஒரு பிரிவினருக்கு மெய்யான சிகிச்சையும், மற்றொரு பிரிவினருக்கு அழுத்தம் சற்றே உயர்த்திய அறையில் சாதாரணக் காற்றும் அளிக்கப்பட்டன. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் தேறினர்! கடுங்காயத்தின் தொடக்க நாள்களில் உயிர்ச்சேதத்தைக் குறைக்கலாம் என்பர். பிழைத்தோர் தம் வேலையைத் தாமே செய்யும் நிலைக்கு மீள்வர் என்பதற்குப் போதிய சான்றில்லை. செவிப்பறை காயமுறுதல், வலிப்பு, தீவிபத்து ஆகிய ஆபத்துகளும் உள்ளன. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இத்தகைய அறை தீப்பற்றி ஒரு சிறுவன் மாண்டான்.

உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, நினைவுப் பயிற்சி ஆகியவையே மெதுவாயினும் நம்பத்தக்க வழி. அரசாங்கத்தின் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையில் இவை கிடைக்கின்றன. சொக்சோ சந்தாதாரர்கள் மலாக்காவிலுள்ள சொக்சோ மறுவாழ்வு மையத்திற்கு அனுப்புமாறு கேட்கலாம். வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் சொக்சோ பொறுப்பேற்கிறது. இதனை அறியாமல் “சாலை விபத்துதானே” என்று வாளாவிருக்கும் குடும்பங்கள் பல. விபத்தை உடனே தோட்ட அலுவலகத்தில் தெரிவித்து, போலீஸ் புகார், மருத்துவ விடுப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களைப் பத்திரப்படுத்துக.