கடைக்கு வராத காசு

புதிய நாணயத்தை வெளியிடும் முன், நாணயச்சாலையில் சிலவற்றை மட்டும் அச்சடித்துப் பார்ப்பார்கள். இவை மாதிரி நாணயங்கள். இவற்றைக் கொடுத்து மிட்டாய் வாங்க முடியாது!

இங்கிலாந்தில் 1936 ஜனவரியில் எட்டாம் எட்வர்டு மன்னரானார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நாணயத்தில் ஒரு மன்னர் முகம் இடப்பக்கம் பார்த்தால், அடுத்தவர் முகம் வலப்பக்கம் பார்க்க வேண்டும். எட்வர்டின் தந்தை ஐந்தாம் ஜார்ஜ் முகம் இடப்பக்கம் பார்த்தது. மகனோ, தனக்கும் இடப்பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அந்தப் பக்கம்தான் தலைவகிடு தெரியுமாம்! மன்னர் பேச்சை மறுக்க முடியுமா?

1937 என்று ஆண்டு பொறித்து மாதிரிகள் தயாராயின. பன்னிரண்டு பக்கம் கொண்ட மூன்று பென்ஸ் காசும் அவற்றில் ஒன்று. காசு போட்டால் இயங்கும் இயந்திரங்களில் சோதித்துப் பார்க்க, அவற்றைச் செய்பவர்களிடம் சில காசுகளைக் கொடுத்தனர். சில திரும்பி வரவே இல்லை!

1936 டிசம்பரில், விரும்பிய பெண்ணை மணப்பதற்காக எட்வர்டு பதவியைத் துறந்தார். அவர் முகம் பொறித்த காசு புழக்கத்துக்கு வரவே இல்லை. அடுத்து வந்த தம்பி ஆறாம் ஜார்ஜ் இடப்பக்கம் பார்த்தார். அண்ணன் முறைப்படி வலப்பக்கம் பார்த்ததாகக் கணக்கு!

நகைக்கடையில் 'சவரன்' என்கிறோமே, அது 'சாவரின்' என்ற இங்கிலாந்துத் தங்க நாணயத்தின் பெயர்தான். எட்வர்டு முகம் கொண்ட சாவரின் ஒன்றை 2020இல் ஒருவர் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கினார். அதன் முகமதிப்பு ஒரே ஒரு பவுண்டு!