தொழில் எனும் இறையழைத்தல்

தொழில் எனும் இறையழைத்தல் என்பது, மனிதர் அன்றாடம் செய்யும் நேர்மையான எந்த வேலையும் கடவுள் அளித்த அழைப்பாகவும் கடவுளுக்குச் செய்யும் தொண்டாகவும் அமையலாம் என்று கூறும் கிறித்தவக் கோட்பாடு ஆகும். குருக்கள், துறவிகள் ஆகியோரின் வாழ்வு மட்டுமன்றி, உழவு, தச்சு, நெசவு, வணிகம், கற்பித்தல், வீட்டுவேலை, குழந்தை வளர்ப்பு ஆகியனவும் இறையழைத்தலே என்பது இதன் மையக் கருத்து. 16 ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் இதற்குத் தெளிவான வடிவம் அளித்தார். பின்னர் கால்வினியரும் கத்தோலிக்கத் திருச்சபையும் தத்தம் முறையில் இதனை வளர்த்தனர். இக்கோட்பாடு உழைப்பவரை உயர்த்தியதா, அல்லது இருந்த நிலையிலேயே அவரைக் கட்டிவைத்ததா என்பது இன்றும் தொடரும் விவாதம் ஆகும்.

சொற்பொருள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அழைப்பைக் குறிக்கும் சொல் "கிளேசிஸ்" ஆகும். இது பெரும்பாலும் இயேசுவில் நம்பிக்கை கொள்ள வருமாறு கடவுள் விடுக்கும் அழைப்பையே குறிக்கிறது. இதற்கு ஈடான இலத்தீன் சொல்லான "வொக்காசியோ", இடைக்காலத்தில் குருத்துவத்துக்கும் துறவறத்துக்கும் உரியதாகச் சுருங்கியது. லூதர் அப்பொருளை விரிவாக்கினார். 1534 இல் வெளியான அவரது முழு விவிலிய மொழிபெயர்ப்பில், சீராக் நூலின் 11 ஆம் அதிகாரத்தில் அன்றாட வேலையைக் குறிக்க "பெரூஃப்" என்ற செருமானியச் சொல் வருகிறது. அழைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு இன்றைய செருமானிய மொழியில் தொழில் என்பதே பொருள்.

எபிரேய மொழியில் நிலத்தை உழுவதற்கும், பிறருக்குப் பணிபுரிவதற்கும், கடவுளை வழிபடுவதற்கும் "ஆபத்" என்ற ஒரே வினைச்சொல் வழங்குகிறது. தமிழில் "பணி" என்னும் சொல்லும் வேலையையும் தொண்டையும் குறிப்பதோடு, வணங்கு என்னும் வினையாகவும் வருவது இதனுடன் ஒப்பிடத்தக்கது.

விவிலியப் பின்னணி

தொடக்க நூலில், ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் முதல் மனிதர் அங்கே வைக்கப்பட்டார் (2:15). மனிதர் பாவம் செய்தது இதற்குப் பின்னரே சொல்லப்படுகிறது. ஆகவே உழைப்பு தண்டனை அன்று, உழைப்பில் கலந்த வியர்வையும் முள்ளுமே பாவத்தின் விளைவு என்று இறையியலாளர் விளக்குவர். விடுதலைப் பயண நூலில், பெட்சலேல் என்னும் கைவினைஞர் பொன், வெள்ளி, மரம் ஆகியவற்றில் வேலை செய்வதற்காக இறை ஆவியால் நிரப்பப்படுகிறார் (31:1-5). அதே நூலின் பத்துக் கட்டளைகள், ஓய்வுநாளில் வேலையாட்களும் கால்நடைகளும்கூட ஓய்ந்திருக்க வேண்டும் என்று உழைப்புக்கு ஓர் எல்லை வகுக்கின்றன.

இயேசு தச்சர் என்று அறியப்பட்டார் (மாற்கு 6:3). பவுல் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா ஆகியோருடன் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார் (திருத்தூதர் பணிகள் 18:3). எந்த வேலையையும் ஆண்டவருக்கே செய்வதுபோல் மனமாரச் செய்யுமாறு கொலோசையர் திருமுகம் கூறுகிறது (3:23). இந்த அறிவுரை முதலில் அடிமைகளை நோக்கிக் கூறப்பட்டதாகும்.

தொடக்க காலமும் இடைக்காலமும்

நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் யூசேபியு, கிறித்தவருக்கு இருவகை வாழ்வு உண்டு என்று எழுதினார். திருமணம், சொத்து, வணிகம் ஆகியவற்றைத் துறந்து கடவுளுக்கே அர்ப்பணித்த வாழ்வு முழுமையானது. உழவும் வணிகமும் குடும்பமும் கொண்ட வாழ்வு அதற்கு அடுத்த நிலையில் உள்ளது என்பது அவரது கருத்து. இந்த வேறுபாடு பல நூற்றாண்டுகள் செல்வாக்குடன் இருந்தது.

ஆயினும் துறவு மடங்களில் உழைப்பு இழிவாகக் கருதப்படவில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்குநூலின் 48 ஆம் அதிகாரம், துறவியர் நாள்தோறும் கைவேலை செய்ய நேரம் ஒதுக்குகிறது. மடத்தின் கருவிகளையும் பொருள்களையும் பலிபீடப் பாத்திரங்களுக்கு இணையாகப் பேண வேண்டும் என்று 31 ஆம் அதிகாரம் பண்டகக் காப்பாளரிடம் கூறுகிறது.

மார்ட்டின் லூதர்

லூதரின் கருத்து அவரது மீட்புக் கொள்கையிலிருந்து எழுந்தது. மனிதர் நற்செயல்களால் அன்றி நம்பிக்கையாலேயே கடவுளுக்கு ஏற்புடையவர் ஆகின்றனர் என்றால், துறவறம் விண்ணகத்துக்குத் தனி வழியாக இருக்க முடியாது. அவ்வாறெனில் நற்செயல்கள் யாருக்குத் தேவை? அடுத்திருப்பவருக்கு என்பதே லூதரின் விடை. கடவுள் உழவர் வழியாக உணவும், தாய் தந்தையர் வழியாகப் பராமரிப்பும், ஆட்சியாளர் வழியாகப் பாதுகாப்பும் அளிக்கிறார். உழைக்கும் மனிதர்கள், கடவுள் மறைந்திருந்து செயல்படும் முகமூடிகள் என்று அவர் கூறினார்.

திருமணம் பற்றி 1522 இல் எழுதிய நூலில், குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் தந்தையைப் பிறர் எள்ளி நகைத்தாலும், அவர் அதை நம்பிக்கையோடு செய்தால் கடவுளும் வானதூதரும் மகிழ்வர் என்கிறார். வீட்டுப் பணிப்பெண்ணின் வேலை துறவியரின் கடுந்தவத்தினும் மேலானது என்ற கருத்தை 1529 இன் பெரிய ஞானோபதேசத்தில் காணலாம். லூதரைப் பொறுத்தவரை அழைப்பு என்பது கூலிக்குச் செய்யும் வேலை மட்டும் அன்று. பெற்றோர், பிள்ளை, துணைவர், குடிமகன் ஆகிய உறவுநிலைகளும் அதில் அடங்கும்.

கால்வினும் தூய்மைவாதிகளும்

ஜான் கால்வின், அழைப்பை மனிதரின் அலைபாயும் வாழ்வைக் காக்கும் காவல்நிலையாகக் கண்டார். கடவுளுக்குக் கீழ்ப்படிந்து செய்யும் எந்த வேலையும் அவர் முன் ஒளிராத அளவுக்கு இழிந்ததன்று என்றார். இங்கிலாந்துத் தூய்மைவாதியான வில்லியம் பெர்க்கின்ஸ், அனைவருக்கும் பொதுவான விசுவாச அழைப்பையும், ஒவ்வொருவருக்கும் உரிய தொழில் அழைப்பையும் பிரித்துக் காட்டினார். பொதுநலனுக்கு உதவுவதே தொழில் அழைப்பின் நோக்கம் என்பது அவரது விளக்கம்.

1904-05 இல் மாக்ஸ் வெபர் வெளியிட்ட ஆய்வு, இந்த அழைப்பு உணர்வும் சிக்கனமான வாழ்க்கை ஒழுங்கும் நவீன முதலாளியத்தின் மனப்பான்மை உருவாகத் துணைபுரிந்தன என்று வாதிட்டது. சீர்திருத்த இயக்கத்துக்கு முன்பே வெனிசு, புளோரன்சு போன்ற நகரங்களில் முதலாளிய வணிகம் செழித்திருந்ததை அவரது விமர்சகர்கள் சுட்டிக்காட்டுவர்.

கத்தோலிக்கப் போதனை

17 ஆம் நூற்றாண்டில் பாரிசு கார்மேல் மடத்தின் சமையலறையில் பணியாற்றிய சகோதரர் லாரன்சு, பாத்திரங்களின் இடையே கடவுளின் உடனிருப்பை உணர்வதைப் பற்றிப் பேசினார். 1891 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட சுற்றுமடல், நியாயமான கூலியையும் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஆதரித்தது. 1955 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மே 1 ஆம் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். 1981 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், வேலையின் மதிப்பு அதன் வகையைப் பொறுத்தது அன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதைப் பொறுத்தது என்றும், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்றும் கற்பித்தார்.

திறனாய்வுகள்

இக்கோட்பாட்டின் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு, அது மக்களை அவரவர் நிலையில் முடக்கிவிடும் என்பதாகும். 1525 இல் செருமானிய உழவர்கள் பண்ணையடிமைத்தனத்தை ஒழிக்கக் கோரியபோது, ஆன்மிக விடுதலையை உடல்சார்ந்த விடுதலையாக்குகிறார்கள் என்று லூதர் அதை மறுத்தார். அவரவர் அழைக்கப்பட்ட நிலையில் இருக்கட்டும் என்ற பவுலின் கூற்று (1 கொரிந்தியர் 7:20) இத்தகைய வாதங்களுக்குத் துணையாக்கப்பட்டது. ஆனால் அடுத்த வசனமே விடுதலை பெறும் வாய்ப்பைப் பற்றிப் பேசுகிறது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு அடிமைக்குக் கூறுவதாகவே பலர் அதைப் பொருள்கொள்கின்றனர்.

இறையியலாளர் மிரோசிலாவ் வோல்ஃப் 1991 இல் வெளியிட்ட நூலில், எல்லா வேலையையும் அழைப்பு என்றால் மனிதரைச் சிதைக்கும் வேலையும் புனிதமாக்கப்படும் என்று எச்சரித்தார். நிலையான அழைப்புக்கு மாறாக, தூய ஆவி அளிக்கும் கொடைகளை அடிப்படையாக்கினால் தொழில் மாற்றத்துக்கும் இடமுண்டு என்பது அவரது முன்மொழிவு. பிறப்பைக் கொண்டு தொழில் சுமத்தப்பட்ட இந்தியச் சூழலில் இக்கேள்வி கூர்மையடைகிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலைக்கு ஆளமர்த்துவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அடுத்திருப்பவரின் நலனே அழைப்பின் அளவுகோல் என்றால், அந்த வேலையைச் செய்பவரும் அடுத்திருப்பவரே. எனவே அவரது உடலையும் மாண்பையும் அழிக்கும் வேலைமுறையை அழைப்பு என்று நியாயப்படுத்த இக்கோட்பாட்டில் இடமில்லை.

தமிழ்க் கிறித்தவ வழக்கு

தமிழ்க் கத்தோலிக்கர் "இறையழைத்தல்" என்னும்போது பெரும்பாலும் குருத்துவத்தையும் துறவறத்தையுமே கருதுகின்றனர். சீர்திருத்தத் திருச்சபையினரிடையே "ஊழியம்" என்பது நற்செய்திப் பணியையும், "முழுநேர ஊழியம்" என்பது வேறு வேலையின்றி அப்பணியில் ஈடுபடுவதையும் குறிக்கும். பொதுத் தமிழிலோ அரசு ஊழியர், வங்கி ஊழியர் என்று அதே சொல் அன்றாட வேலை செய்வோருக்கும் வழங்குகிறது. தேவாலயத்தில் ஒரு பொருளும் அலுவலகத்தில் வேறொரு பொருளும் கொண்ட இச்சொல்லின் இரு வழக்குகளும் ஒன்றே என்பதைத்தான் இக்கோட்பாடு வலியுறுத்துகிறது.