காருக்கு பாலிஷ்: 40 மைக்ரான் கணக்கு

'பாலிஷ் போடுறது' என்று நாம் சொல்லும்போதே ஒரு குழப்பம் ஒட்டிக்கொள்கிறது. செருப்புக்குப் பாலிஷ் போடுகிறோம், நகத்துக்கும் போடுகிறோம். இரண்டிலும் மேலே ஏதோ ஒன்றைப் பூசுகிறோம். கார் பெயின்டை மெஷின் வைத்துப் பாலிஷ் செய்வது அந்த வகை இல்லை. பித்தளைச் சொம்பைச் செங்கல் பொடி வைத்துத் தேய்ப்பாங்களே, அந்த வகை. சொம்பு ஒவ்வொரு தேய்ப்புக்கும் பளபளக்கும். கூடவே அதில் வெட்டியிருந்த பெயரும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். ரெண்டு தலைமுறை தேய்த்த சொம்பில் யார் பெயர் இருந்தது என்று விரலால் தடவினாலும் தெரியாது.

என்னிடம் இருப்பது ஒன்பது வயதான கருநீலக் கார். இன்னும் ஏழெட்டு வருஷமாவது வைத்திருக்கும் எண்ணம். ஒரு பாலிஷர் வாங்கி, நாலு வார இறுதிக் காலைகளில் நானே செய்து முடித்தேன். அதற்கு முன் சில மாதங்கள் படித்ததும், செய்தபோது அளந்ததும் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு. எவ்வளவு பளபளப்பு வரும் என்பதைவிட, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது. காசைச் சொல்லவில்லை, பெயின்டைச் சொல்கிறேன்.

இன்றைய கார்களின் தகட்டு மேல் நான்கு அடுக்குகள் இருக்கும். துருப்பிடிக்காமல் இருக்க மின்சாரத்தின் உதவியோடு முக்கியெடுக்கும் முதல் அடுக்கு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். நாலும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தலைமுடி ஒன்றின் பருமனை விடக் குறைவு. நாம் பார்க்கும் பளபளப்பு முழுக்க இந்த அடுக்கில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்களும் இதில்தான் கலந்திருக்கின்றன. அது மெலிந்தால் அடியிலிருக்கும் நிறத்துக்குக் குடை போய்விடும். பழைய கார்களின் கூரையில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்த மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீங்க. கிளியர் கோட் செத்துப்போன அடையாளம் அது. அதற்குப் பாலிஷ் வைத்தியம் கிடையாது, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

(பழைய அம்பாசடர், பத்மினி ஆட்களுக்கு: அந்த வண்டிகளில் கிளியர் கோட் இல்லை, நிறமே மேல் அடுக்கு. பாலிஷ் செய்தால் துணியில் கலர் ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரியாவிட்டால், மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்க.)

இப்போது கீறல்களுக்கு வருவோம். கருப்பு, கருநீலக் கார்களை வெயிலில் பார்த்தால் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரியும். ‘வட்டமா துடைச்சதாலதான் வட்டமா கோடு விழுந்திருக்கு’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையில்லை. வீட்டில் பழகிய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, இருட்டில் மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்க. அதே வட்டங்கள் தெரியும். டார்ச்சை நகர்த்தினால் வட்டத்தின் மையமும் கூடவே நகரும். கோடுகள் உண்மையிலேயே வட்டமாக இருந்தால் அவை இருந்த இடத்தில்தானே இருக்க வேண்டும்?

நடப்பது இதுதான். தட்டில் எல்லாத் திசையிலும் நுண்கீறல்கள் இருக்கின்றன. ஒரு கீறல் தன் மேல் விழும் ஒளியைத் தன் நீளவாக்குக்குக் குறுக்கேதான் சிதறடிக்கும். அதனால் ஒளிப்புள்ளியை நோக்கிக் குறுக்காகக் கிடக்கும் கீறல்கள் மட்டுமே உங்கள் கண்ணுக்கு வெளிச்சத்தை அனுப்பும். மற்றவை இருந்தும் தெரியாது. ஒளிப்புள்ளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் அப்படிக் குறுக்காகக் கிடக்கும் கீறல்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் கிடைக்கும் வடிவம் வட்டம். இரவில் தெருவிளக்குக்கு முன்னால் நிற்கும் இலையுதிர்ந்த மரத்தின் கிளைகள் விளக்கைச் சுற்றி வளைந்த மாதிரி தோன்றுவதும் இதே சங்கதிதான்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. ஒரே விளக்கில் ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு ‘கீறல் போச்சு’ என்று முடிவுக்கு வரக் கூடாது. டார்ச்சை அசைத்து அசைத்துப் பார்க்கணும். டியூப்லைட்டின் பரந்த வெளிச்சத்தில் எந்தக் காரும் புதுசாகத்தான் தெரியும்.

கீறல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கழுவும்போது. தெருப்புழுதியில் மணல் இருக்கிறது, மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. கிளியர் கோட் என்பது அதன் பக்கத்தில்கூட வராத ஒரு பிளாஸ்டிக். அபார்ட்மென்ட்டில் விடியற்காலை ஒரே பக்கெட் தண்ணீரையும் ஒரே துணியையும் வைத்துப் பத்து கார் துடைக்கப்படும்போது, முதல் காரின் மணல் பத்தாவது கார் வரை ஊர்வலம் போகிறது. துடைப்பவரைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் கொடுக்கும் மாதச் சம்பளத்துக்கு அவ்வளவுதான் நேரம்.

இந்தக் கோடுகளின் ஆழம் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான்தான். ரோட்டில் பள்ளம் விழுந்தால் பள்ளத்தை அடைப்பார்கள். இங்கே நாம் செய்வது தலைகீழ்: பள்ளத்தின் அடிமட்டம் வரும்வரை சுற்றியிருக்கும் ரோட்டையே சுரண்டுகிறோம். இரண்டு மைக்ரான் கீறலை முழுசாக ஒழிக்க, அந்தப் பகுதி முழுவதும் இரண்டு மைக்ரான் போகணும். நகம் தட்டுப்படும் அளவுக்கு ஆழமான கீறல் என்றால் ஆசையை விட்டுவிடுவது நல்லது. அதன் விளிம்பைக் கொஞ்சம் மழுக்கலாம், கண்ணை உறுத்துவது குறையும். ஒரு காரின் ஆயுள் முழுவதுக்கும் சேர்த்து பத்து மைக்ரானுக்கு மேல் எடுக்காதீர்கள் என்பது இந்த வேலை தெரிந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. முரட்டு காம்பவுண்டு ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று மைக்ரான் எடுக்கலாம், மென்மையான பாலிஷ் ஒன்றுக்கும் கீழே. வருஷத்துக்கு ரெண்டு முறை சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பில்லில் ‘ரப்பிங் அண்ட் பாலிஷ்’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடும் இடங்கள் இருக்கின்றன. நான் விட்டுக்கொண்டிருந்த இடமும் அப்படித்தான். நாலைந்து வருஷம் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்க.

ஆகவே முதல் வேலை அளப்பது. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன். உலோகத் தகட்டின் மேல் வைத்தால் எண் காட்டும், பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. அது காட்டுவது நாலு அடுக்கின் மொத்தத்தை, கிளியர் கோட்டை மட்டும் அல்ல. பானெட்டில் சராசரி 118 வந்தது, கூரையில் 109. இடது பின்கதவில் 260! வண்டி என் கைக்கு வருவதற்கு முன் எங்கேயோ இடித்து மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஐந்நூறு, ஆயிரம் என்று காட்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். தடிமன் அதிகம் என்பதால் அந்தக் கதவைத் தாராளமாகத் தேய்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதில் எத்தனை பங்கு கிளியர் என்று யாருக்கும் தெரியாது.

மெஷினில் இரண்டு ஜாதி. ரோட்டரி என்பது ஒரே அச்சில் சுற்றுவது. டிங்கரிங் ஷெட்டில் பார்க்கும் பெரிய மெஷின் அதுதான். வேகமாக வெட்டும், சூடும் வேகமாக ஏறும். ஒரே இடத்தில் சில நொடி கூடுதலாக நின்றால் பெயின்ட் வெந்துவிடும். பழகாத கையில் அது விட்டுப்போகும் நிழல் மாதிரியான கோடுகளுக்கு ஹாலோகிராம் என்று பெயர். இன்னொன்று டூயல் ஆக்‌ஷன். இதில் பேட் ஒரு சின்ன வட்டப்பாதையில் அதிர்ந்தபடியே, பேரிங்கில் தன் போக்கில் சுழலவும் செய்யும். அந்தச் சுழற்சியை மோட்டார் நேராகப் பிடித்துச் சுற்றுவதில்லை, அதிர்விலிருந்து தானாக வருகிறது. அதனால் நீங்கள் ரொம்ப அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும், வெறும் அதிர்வுதான் மிஞ்சும். வெட்டுவது குறைந்துபோகும். வீட்டில் செய்பவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு வேறு இல்லை. மெஷினே ‘போதும்பா’ என்று சொல்கிறது. பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், சுழல்கிறதா வெறுமனே அதிர்கிறதா என்று ஓடும்போதே தெரியும்.

டிரில் மெஷினில் மாட்டும் பஃபிங் சக்கரம் மலிவாகக் கிடைக்கிறது. அது சின்ன ரோட்டரிதான், கட்டுப்பாடும் கிடையாது. வேண்டாம்.

எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கில், காலை ஐந்தரை முதல் ஒன்பது வரைதான் வேலை. அதற்கு மேல் சென்னை வெக்கையில் தகடு சூடாகி பாலிஷ் காய்ந்துபோகும். வாசல் தெளிப்பது போல் முந்தின நாள் இரவே தரையில் தண்ணீர் தெளித்து வைத்தேன், புழுதி எழும்பாது. காலைக்குள் காய்ந்துவிடும், ஈரத் தரையில் மின்சார மெஷின் பிடிக்கும் ஆபத்தும் இல்லை. வயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொண்டால் பெயின்டில் உரசாது. கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்க.

முதலில் நன்றாகக் கழுவணும். பிறகு கிளே பார். சோப்புத் தண்ணீர் தெளித்து, களிமண் போன்ற அந்தக் கட்டியை மெதுவாகத் தேய்த்தால் பெயின்டில் ஒட்டியிருக்கும் தார், இரும்புத் துகள் எல்லாம் அதோடு வந்துவிடும். இதைத் தவிர்த்தால் அந்தத் துகள்கள் பேடில் சிக்கி, நீங்களே புதுக் கோடு போட்டுக்கொண்டிருப்பீங்க. ரப்பர் பீடிங், பேட்ஜ், கதவு விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். விளிம்புகளிலும் தகடு மடியும் கோடுகளிலும் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், பேடின் அழுத்தம் முழுவதும் அங்கேதான் குவியும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூட்டைக் கடத்தாது, அங்கே வேகத்தைக் குறைக்கணும்.

அடுத்தது சோதனைக் கட்டம். இதைத்தான் நிறைய பேர் செய்வதில்லை. பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி டேப்பால் கட்டம் கட்டி, இருப்பதிலேயே மென்மையான பாலிஷ், மென்மையான ஃபோம் பேட் கூட்டணியோடு ஆரம்பித்தேன். பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை ஓடவிடாமல் பரப்பி, பிறகு நடுத்தர வேகத்தில், பாதிக்குப் பாதி மேலேறுமாறு குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு சுற்று. கை நொடிக்கு ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும். பொறுமை இல்லாதவர்களுக்கு இதுதான் கஷ்டமான பகுதி. துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைக்கணும். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் நிரம்பி ஆளை ஏமாற்றும். கடைகளில் அன்று மாலை கண்ணைப் பறித்த பளபளப்பு ரெண்டு மழைக்கு அப்புறம் காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த எண்ணெய்தான்.

மென்மையான கூட்டணியில் பத்துக்கு ஏழு கோடுகள் போயின. பக்கத்துக் கட்டத்தில் காம்பவுண்டு போட்டுப் பார்த்தேன், ஒன்பது போனது. அந்த இரண்டு கோடுகளுக்காக இன்னும் ரெண்டு மைக்ரான் கொடுக்கலாமா? பானெட்டின் மற்ற பகுதிக்கும் டிரைவர் பக்கக் கதவுக்கும் மட்டும் ஒரே ஒரு சுற்று கொடுத்தேன், தினமும் என் கண்ணில் படுவது அவைதான். மற்ற இடங்களில் ஏழோடு நிறுத்திக்கொண்டேன். அளவு குறைவாகவும் வெயில் அதிகமாகவும் இருக்கும் கூரையில் மெஷினே வைக்கவில்லை. அங்கே நின்று பார்ப்பது காக்கா மட்டும்தான்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைப் பிரஷ் வைத்துச் சுத்தம் செய்யணும். உதிர்ந்த கிளியர் கோட் அதில் அடைந்திருக்கும். முடித்த பிறகு மறுபடி அளந்தேன். பானெட்டில் 117. ஆனால் இந்த மாதிரிக் கருவிகளுக்கே இரண்டு மூன்று மைக்ரான் பிழை உண்டு என்பதால், ‘ஒரு மைக்ரான்தான் போனது’ என்று அந்த எண்ணை வைத்து நான் சொல்ல மாட்டேன். அதிகம் போகவில்லை என்பது வரைதான் அது சாட்சி.

பாலிஷ் செய்த பெயின்ட் நிர்வாணமாக நிற்கும். மேலே மெழுகோ சீலண்டோ போட்டே ஆகணும். செராமிக் கோட்டிங் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், தண்ணீர் நிற்காமல் ஓடும், கழுவுவது சுலபம். ஆனால் விளம்பரத்தில் வரும் ‘9ஹெச்’ என்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு. மோஸ் அளவில் 9 என்றால் வைரத்துக்கு அடுத்த படி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, இனி கீறலே விழாது என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய.

காரைத் துடைப்பவரிடம் இப்போது என் காரை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன், சம்பளத்தில் குறைக்கவில்லை. ‘என்ன சார், வேலையை வேணாம்னுட்டு காசு மட்டும் தர்றீங்க’ என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கழுவுகிறேன். ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மணலை இறக்கிவிட்டுத்தான் துணி மேலே படும். போர் தண்ணீர் என்பதால் காயவிடாமல் உடனே ஒற்றி எடுக்கணும், இல்லாவிட்டால் உப்பு திட்டுத்திட்டாக நின்றுவிடும். மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகிறது.