சொந்த வீடும் ஓர் அமானிதமே!



உங்கள் வீட்டின் பழைய சன்னலைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றைப் பொருத்த எண்ணுகிறீர்கள். வீடு உங்களுடையது, பணமும் உங்களுடையது. ஆயினும், அனுமதியின்றி அதைச் செய்தால் சிறைத்தண்டனைகூடக் கிடைக்கலாம் என்றொரு சட்டம் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? இங்கிலாந்தில் அத்தகைய சட்டம் உண்டு.

அந்நாட்டின் வில்ட்ஷயர் பகுதியில் லேக்காக் என்றொரு சிற்றூர். 13 ஆம் நூற்றாண்டில் எலா என்னும் சீமாட்டி அங்கே கிறிஸ்தவக் கன்னியர் மடமொன்றை நிறுவினார். பின்னாளில் அது டால்பட் குடும்பத்தாரின் மாளிகையாயிற்று. அக்குடும்பத்தவரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1835 இல் அம்மாளிகையின் சன்னல் ஒன்றைப் படமெடுத்தார். உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய புகைப்பட நெகட்டிவ் அதுவே. அந்தச் சன்னலும் இன்றுவரை அங்கேயே இருக்கிறது! 1944 இல் மெட்டில்டா டால்பட் அம்மையார், மாளிகையையும் ஊரின் பெரும்பகுதியையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்திடம் ஒப்படைத்தார். ஊர் வெறும் காட்சிப்பொருளாகிவிடவில்லை. அவ்வீடுகளில் மக்கள் வாடகைக்குக் குடியிருக்கின்றனர்.

நாடு முழுவதுமுள்ள இத்தகைய கட்டடங்களை 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரசு பட்டியலிடத் தொடங்கியது. அவை மூன்று தரங்களாகப் பிரிக்கப்படுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை கடைசித் தரத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் எளிய குடியானவர் வீடுகளும் அடங்கும். பட்டியலிலுள்ள கட்டடத்தின் தன்மை மாறும்படி எதைச் செய்தாலும் உள்ளாட்சி மன்றத்தின் இசைவு வேண்டும். மீறினால் ஈராண்டுச் சிறை வரை விதிக்கலாம்.

இது கொடுமையன்றோ என்று நீங்கள் கேட்கலாம். அங்குள்ளோர் பலரும் அப்படியே முறையிடுகின்றனர். ஒற்றைக் கண்ணாடிச் சன்னல் வழியே குளிர் புகுகிறது. செலவோ உரிமையாளரின் தலையில் விழுகிறது. இம்முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால், மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. உட்புகும் ஈரத்தை வெளியே விட்டு உலர்பவை. அவற்றின்மீது சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும். நல்லெண்ணத்தோடு, ஆனால் அறியாமல் செய்யும் ஒரு நாள் வேலை, நானூறு ஆண்டுகள் நின்ற சுவரைக் கெடுத்துவிடும். சட்டம் மாற்றத்தைத் தடுக்கவில்லை. “கேட்டுவிட்டுச் செய்” என்றே கூறுகிறது.

வீட்டை நாம் விலைக்கு வாங்கலாம். அதன் கடந்த காலத்தை வாங்க இயலுமா? முன்னோர் நம்மிடமும், நாம் பின்னோரிடமும் ஒப்படைக்கும் அமானிதமே அது. இடிக்க ஒரு நாள் போதும். இடித்ததை மீட்க எத்தனை தலைமுறையும் போதா!