கண்டி மலாயும் குண்டுல் எழுத்தும்

கண்டியில் மலாய்க் குடும்பங்கள் தமக்குள் பேசும்போது சொற்கள் நமக்குப் பிடிபடாது. வாக்கியத்தின் போக்கு மட்டும் பழகியதாக இருக்கும். மலேசியாவில் ‘கெ ரூமா’ என்றால் வீட்டுக்கு, ‘டி ரூமா’ என்றால் வீட்டில். கண்டி மலாயில் இவை ‘ரூமாநங்’, ‘ரூமாகா’. தமிழில்போல உருபு பின்னால் ஒட்டுகிறது, வினையும் வாக்கியக் கடைசிக்குப் போய்விடுகிறது.

17ஆம் நூற்றாண்டிலிருந்து ஒல்லாந்தர் ஜாவா, அம்போன், மக்காசர் பக்கமிருந்து சிப்பாய்களையும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களையும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். 1803 கண்டிப் போரில் மன்னன் பக்கமும் ஆங்கிலேயர் பக்கமும் மலாய்ச் சிப்பாய்கள் நின்றார்கள். தமிழ் பேசும் முஸ்லிம்களோடும் சிங்களவரோடும் கலந்து வாழ்ந்ததில் அவர்களின் இலக்கணமே மாறிப்போனது. மாற்றியது தமிழா சிங்களமா என்று மொழியியலாளர் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டின் வாக்கிய அமைப்பும் அநேகமாக ஒன்றாக இருக்கையில் தீர்ப்புச் சொல்வது லேசல்ல.

எழுத்தின் கதை வேறு. மலாயை எழுத அவர்கள் எடுத்துக்கொண்டது அரபு எழுத்து, அதற்குக் குண்டுல் என்று பெயர். அரபியில் ‘ப’வும் (p) ‘ங’வும் இல்லை. ஒரு புள்ளியுள்ள ‘ஃபா’வுக்கு மூன்று புள்ளி வைத்து ‘ப’ ஆக்கினார்கள். ‘அய்ன்’ தலையில் மூன்று வைத்து ‘ங’ ஆக்கினார்கள். நம் அரபுத் தமிழிலும் இதே உத்திதான். ஆனால் குண்டுலில் உயிர்க்குறிகள் கிடையாது. க, ம, ப (b), ங என்று நான்கு மெய் வரிசையாக நின்றால் அது ‘கம்பிங்’ என்ற ஆடாகலாம், ‘கும்பாங்’ என்ற வண்டாகலாம், ‘கெம்பாங்’ என்ற மலர்தலும் ஆகலாம். முன்பின் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

இந்த எழுத்தில் ஹிகாயத் கதைகள், செய்யுள்கள், மார்க்க நூல்கள் எல்லாம் பிரதியாயின. 1869இல் கொழும்பில் பாபா யூனூஸ் சல்தீன் ‘அலாமத் லங்காபுரி’ பத்திரிகை தொடங்கினார். சிங்கப்பூரின் ‘ஜாவி பெரானாக்கான்’ என்ற மலாய்ப் பத்திரிகை வந்தது 1876இல்தான். ஆனால் இவற்றில் இருப்பது பெரும்பாலும் ஏட்டு மலாய். வீட்டுப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. செந்தமிழ் எழுதிக் கொச்சை பேசும் நமக்கு இதில் வியப்பென்ன? மலைநாட்டு மலாய்ப் பேச்சுக்கு மொழியியலாளர் செபாஸ்டியன் நோர்டோஃப் விரிவான இலக்கணம் எழுதியது 2009இல், அதுவும் ரோமன் எழுத்தில்.

1873இல் மலாய்ச் சிப்பாய்கள் இருந்த இலங்கை ரைபிள் படையணி கலைக்கப்பட்டது. பிரதி எடுத்தவர்களும் வாசித்தவர்களும் அதிகம் படைவீட்டுக்காரர்கள் என்பதால் குண்டுலும் தளர்ந்தது. வீடுகளில் எஞ்சிய ஏடுகளை 1970களில் தேடித் திரட்டியவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த வரலாற்றாசிரியர் பி. ஏ. ஹுசைன்மியா. பின்னர் ஆய்வாளர் ரோனித் ரிச்சியின் முயற்சியில் பல ஏடுகள் படம்பிடிக்கப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில் அவற்றைப் பார்க்கலாம்.