வெள்ளம் வடிந்த வீட்டுக்குள்

2023 டிசம்பர் 17, 18 மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் சேர, தாமிரபரணி கரைபுரண்டது.

நனைந்த, எரிந்த வீடுகளைச் சீர்படுத்தவே அமெரிக்காவில் ஊர்தோறும் உரிமக் கிளை நடத்தும் நிறுவனங்கள் உண்டு. 1967-ல் தொடங்கிய சர்வ்ப்ரோ அவற்றில் ஒன்று. இங்கே தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரம் பக்கம், அந்தப் பாடு பெரும்பாலும் வீட்டாருக்குத்தான்.

வண்டலை ஈரம் காயுமுன் வழித்துவிடுங்கள். காய்ந்தால் தரையோடு இறுகிவிடும். ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கும், சன்னல்களைத் திறந்தே வையுங்கள். நனைந்த வீட்டுப் பத்திரத்தைப் பிரித்து இழுக்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். வெள்ளைத்தாள் மேல் கிடத்தி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதிசெய்யாமல் உள்ளே கால் வைக்காதீர்கள்.