சாத்தனூர் அணையில் கசிவைப் பாருங்கள்

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியிலிருந்து தண்டராம்பட்டு வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால், தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை. கட்டி முடித்தது 1958இல். முழு நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. திருவண்ணாமலையின் குடிநீருக்கும் பல ஆயிரம் ஏக்கர் வயலுக்கும் இதுவே ஆதாரம்.

சுற்றுலா வருகிறவர்கள் பூங்காவையும் முதலைப் பண்ணையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அணையின் உடல்நிலையைச் சொல்வதோ கசிவுநீர். கசியாத அணை கிடையாது. ‘வி’ வடிவில் வெட்டிய தகட்டின் வழியே கசிவை ஓடவிட்டு, நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்து அளவைக் கணக்கிடுவார்கள். அணையின் நீர்மட்டம் ஏறும்போது கசிவும் கூடும், அது இயல்பு. மட்டம் ஏறாமலே கூடினால் கவலைப்பட வேண்டும். தெளிந்து வந்த நீர் கலங்கி வந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. கரைக்குள்ளிருந்து மண் அரித்து வெளியேறுகிறது என்று பொருள். எலி வளையோ செத்த மரத்தின் வேரோ போதும், அந்த வழி திறந்துகொள்ள. மண்கரையில் மரம் வளரவிடாததற்குக் காரணம் இதுதான்.

அணையின் கல்கட்டுப் பகுதிக்கு வேறு நோய். காரையிலுள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து, சுவரின் வெளிமுகத்தில் வெள்ளையாகப் படியும். துளையிட்டு, சிமெண்ட் கரைசலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி அடைப்பார்கள்.

சுவரைவிட முந்திக் கெடுவது ஷட்டர். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் நடு ஷட்டரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 2024 ஆகஸ்டில் துங்கபத்ரா அணையில் 19ஆம் எண் ஷட்டர் போனது. இரண்டிலும் சுவர் அசையவில்லை, அறுந்தது சங்கிலி. சாத்தனூரிலும் ஷட்டர்கள் பழுதாகி, அண்மை ஆண்டுகளில்தான் மாற்றப்பட்டன. வேலை நடந்த காலத்தில் முழு மட்டத்துக்கு நீர் தேக்க முடியவில்லை. பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் அதன் விலையைக் கடைசியில் கொடுப்பவர் விவசாயி.

2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த ஷட்டர்கள் வழியே விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேறியது. விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்கள் மூழ்கின. திறக்காமலும் இருக்க முடியாது. மண்கரை மேல் வெள்ளம் வழிந்தால் கரையே கரைந்துவிடும். 1979இல் குஜராத்தின் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது அப்படித்தான்.

2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, பருவமழைக்கு முன்னும் பின்னும் அணையை ஆய்வு செய்ய வேண்டும். அவசரகாலத் திட்டமும் வகுக்க வேண்டும். அத்தோடு நிற்காமல், அந்த ஆய்வறிக்கைகள் தமிழில், ஆற்றோர ஊராட்சி அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஒட்டப்பட வேண்டும். எத்தனை கன அடி திறந்தால் தங்கள் தெருவில் எவ்வளவு உயரம் நீர் வரும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.